துர்சுன் ராவுத்தர் வாங்கிய பிள்ளை

“பெயர்: எஸ். துர்சுன் முகமது ராவுத்தர். இனம்: துருக்கியர் வழி. குலத்தொழில்: குதிரைப்படைச் சேவகம். தோற்றம்: நெடிய உருவம், திடகாத்திரம். சுபாவம்: போர்க்குணம் உடையவர்.”

1951-இல் திருச்சியில் ஒரு சுகாதார அலுவலகத்தில் திறக்கப்பட்ட பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இப்படி இருந்தது. எழுதியவர் தலைமை எழுத்தர் மாத்ருபூதம். எதிரில் நின்ற ஆளைப் பார்த்து அவர் எழுதவில்லை. ஜில்லாவின் சாதிகளைப் பற்றி வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ தொகுத்த கையேடு ஒன்று அலமாரியில் இருந்தது. அதைப் பார்த்து எழுதினார். மனிதர்கள் வயதுக்கு வயது மாறிவிடுகிறார்கள், அச்சடித்த புத்தகம் மாறுவதில்லை என்பது அவருடைய கட்சி.

எதிரில் நின்றவர் ஐந்தடி இரண்டு அங்குலம். சட்டைக் காலருக்குள் இன்னொரு கழுத்துக்கு இடமிருந்தது. குதிரை வண்டி வருகிறதென்றால் அது கண்ணை விட்டு மறையும்வரை ஏதாவது ஒரு கடைப் படியில் ஏறி நின்றுகொள்வார். பத்து வயதில் ஜங்ஷனுக்கு வெளியே ஒரு குதிரை அவர் தோளைக் கடித்துப் பார்த்திருந்தது. போர்க்குணத்தைப் பொறுத்தவரை, கடைக்காரன் சொத்தைக் கத்தரிக்காய் போட்டால்கூடத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறார் என்பது மனைவி சாரா பீவியின் நிரந்தரப் புகார்.

அவருக்குக் கிடைத்த உத்தியோகம் அம்மை குத்துவது. அம்மைப்பால் குழல்கள், திருகிக் கீறும் ஊசி, ஒரு ஸ்பிரிட் புட்டி எல்லாவற்றையும் தோல்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் புஜத்தில் குத்திவிட வேண்டும். அவர் தலையைக் கண்டதும் பிள்ளைகள் ஓடினார்கள், தாய்மார்கள் கதவைச் சாத்தினார்கள். படைவீரனுக்குரிய வரவேற்பு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவருக்குக் குறைவில்லாமல் கிடைத்தது.

அவருக்கு இரண்டு பெயர்கள். வீட்டிலும் தெருவிலும் பிச்சை. அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பேர் தொட்டிலோடு போய்விட்டார்கள். மூன்றாவது பிறந்ததும் அம்மா, இது எங்கள் சொத்து இல்லை, யாரோ போட்ட பிச்சை என்று விதியை நம்பவைப்பதற்காக அந்தப் பெயரை வைத்தாள். அவர்கள் குடியிருந்த பாலக்கரையில் அதே காரணத்துக்காக அதே பெயரை வைத்த வீடுகள் ஏராளம். தெருவில் நின்று ‘பிச்சை’ என்று கூப்பிட்டால் மூன்று மதத்துக்காரர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, இது பொறுக்கவில்லை. ராவுத்தர் வீட்டுப் பிள்ளைக்குப் பிச்சை என்று பெயரா என்று ஒரு வாரம் சாப்பிடாமல் இருந்து, குடும்பத்தில் வழிவழியாக வந்த துர்சுன் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் பதிந்தார். ஏழு தலைமுறைக்கு முன் துருக்கிச் சீமையிலிருந்து குதிரையேறி வந்த மூத்தவரின் பெயர் அது என்று சொல்வார்கள். அதன் பொருள் யாருக்கும் தெரியாது. தெரியாததால் அது வருஷத்துக்கு வருஷம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. அத்தா அதற்குச் சிங்கத்தின் பாய்ச்சல் என்று பொருள் சொன்னார். பெரிய கடை வீதியில் அத்தர் விற்கும் மைத்துனர் அப்துல் சுக்கூர், உறையிலிருந்து உருவிய வாள் என்றார். இருவருக்கும் துருக்கி மொழியில் தெரிந்த ஒரே சொல் ‘அத்தா’ என்பதுதான். அது துருக்கிச் சொல் என்பதும் அவர்களே சொல்லிக்கொண்டதுதான்.

வாளுக்கும் தமக்கும் ஒட்டவில்லை என்பது துர்சுன் ராவுத்தருக்குத் தெரியும். இருந்தாலும் ‘பிச்சை’ என்று கூப்பிட்டால் சற்றுத் தாமதித்துத் திரும்புவார், ‘துர்சுன்’ என்றால் உடனே திரும்புவார். மனிதனுக்கு ஏதாவது ஒரு இடத்தில் உயரம் வேண்டியிருக்கிறது.

1962-இல் நோன்பு மாதத்துக் கந்தூரிக்கு நத்தர்வலி தர்காவுக்கு நியாஸ் என்று ஒருவர் வந்து தங்கினார். அவர் காஷ்கர்க்காரர். சீனாவின் மேற்கு ஓரத்திலிருந்து மலையேறிக் காஷ்மீருக்கு வந்து, அங்கே தையல்வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். ஊர் ஊராகத் தர்காக்களைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்துவிட்டார். திருச்சி வெயிலிலும் பஞ்சு வைத்துத் தைத்த கோட்டைக் கழற்றவில்லை. தாய்மொழி துருக்கி இனத்து மொழிகளில் ஒன்று. உருது உடைந்து உடைந்து வந்தது. வியாபாரத்துக்காக உருது கற்றிருந்த சுக்கூர்தான் மச்சானை அவரிடம் அழைத்துப் போனார். ஏழு தலைமுறைப் பெருமைக்கு ஒரு நேர்சாட்சி கிடைத்துவிட்டதில் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

“என் தங்கச்சி மாப்பிள்ளை. பேரு துர்சுன்” என்று அறிமுகப்படுத்தினார்.

நியாஸ் சட்டென்று துர்சுன் ராவுத்தரின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார். சுக்கூர் முகம் குழம்பிற்று.

“என்ன கேக்குறாரு மச்சான்?”

“உங்களுக்கு முன்னாடி எத்தனை பேர் போனாங்கன்னு கேக்குறாரு.”

“ரெண்டு பேர்னு சொல்லுங்க. இவருக்கு எப்படித் தெரியும்?”

நியாஸ் விளக்கினார். துர்சுன் என்றால் ‘இருக்கட்டும்’ என்று பொருள். அவர்கள் ஊரில் பிறக்கிற பிள்ளைகள் தங்காத வீட்டில், அடுத்ததாகப் பிறப்பதற்கு இந்தப் பெயரை வைப்பார்கள். சிலர் ‘தோக்தி’ என்று வைப்பார்கள்; ‘நின்றது’ என்று அர்த்தம், சாவு இத்தோடு நின்றது என்று. இன்னும் பயந்தவர்கள் பிள்ளையை அண்டை வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அப்படி வந்த பிள்ளைக்கு ‘விலைக்கு வாங்கியது’ என்றே பெயர். தம் சொந்தத் தம்பி அப்படிப்பட்டவன்தான் என்றார். இரண்டு தெருவுக்கு ஒரு துர்சுன் எங்கள் ஊரில் உண்டு என்றும் சொன்னார்.

வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்த்துக்கொண்டு வந்த சுக்கூரின் குரல், வாக்கியத்துக்கு வாக்கியம் தேய்ந்துகொண்டு வந்தது. கடைசியில் அவரே ஒரு கேள்வி கேட்டார். நியாஸ் சிரித்துவிட்டு ஒரு வார்த்தையில் பதில் சொன்னார்.

“என்ன கேட்டீங்க?”

“வாள் கீள் ஏதாவது உண்டான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“இல்லையாம்.” சுக்கூர் சுற்றிலும் பார்த்துக்கொண்டார். “மச்சான், இதை வெளியில சொல்லிக்க வேணாம். ஏழு தலைமுறையாக் காப்பாத்துன கௌரவம்.”

துர்சுன் ராவுத்தர் சிரிக்க ஆரம்பித்து, நோன்பு நேரத்தில் தொண்டை வறண்டு இருமும்வரை சிரித்தார். குதிரையேறி வந்த மூத்தவரும் அவருடைய தாய்க்குப் பிச்சைதான். அம்மா வைத்த பெயரை அழிப்பதற்காக அத்தா ஒரு வாரம் பட்டினி கிடந்து, அதே பெயரை வேறு பாஷையில் வைத்திருக்கிறார். முப்பத்தேழு வயதில் முதல்முறையாகத் தம் பெயர் தமக்கு அளவாக இருப்பதாக அவருக்குப் பட்டது.

வெளியில் சொல்ல வேண்டாம் என்றதை அவர் அன்று மாலையே மறந்தார்.

“அப்போ மாமி வச்சதும் மாமா வச்சதும் ஒண்ணுதானா?” என்றாள் சாரா பீவி. “கடைசிவரைக்கும் ரெண்டு பேரும் இதுக்கா சண்டை போட்டுக்கிட்டாங்க?”

அலுவலகத்தில் மாத்ருபூதம் மூக்குப்பொடியை உள்ளே இழுத்துக்கொண்டு கேட்டார். “அப்ப பதிவேட்டைத் திருத்தணும்னு சொல்றீரா ஓய்?”

“முடிஞ்சா திருத்திடுங்க சார்.”

“முடியாது. மேலிடத்து உத்தரவு வேணும். போர்க்குணம் இருந்துட்டுப் போகட்டும், அதுக்காகச் சம்பளத்துல பிடிக்கமாட்டா.”

வீடு வீடாகப் போகும்போதும் துர்சுன் ராவுத்தர் இதையே சொன்னார். பிள்ளையின் கையை ஸ்பிரிட்டால் துடைக்கும்போது தாயின் கவனத்தைத் திருப்ப ஒரு கதை தேவைப்படும். இப்போது தம் பெயரே கதையாகிவிட்டது. அது காவேரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கும் போயிற்று.

ஸ்ரீரங்கத்தில் அடையவளைஞ்சான் வீதிக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் மயிலம்மாள் இருந்தாள். புருஷன் மருதை வாழை இலை அறுத்துக் கட்டுப்போட்டு மார்க்கெட்டுக்கு அனுப்புபவர். அவர்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து மூன்றும் தங்கவில்லை. இரண்டாவது, அம்மை குத்திய பதினான்காம் நாள் வயிற்றுப்போக்கில் போயிற்று. வயிற்றுப்போக்குக்கும் ஊசிக்கும் சம்பந்தமில்லை. ஆனால் மயிலம்மாளின் நினைவில் இருந்தது வயிறு அல்ல, புஜத்தில் ஆறாமல் இருந்த புண்.

நான்காவது ஆண் பிள்ளை, மார்கழியில் பிறந்தது. துர்சுன் ராவுத்தர் அதைத் தேடி மூன்று முறை போயிருந்தார். முதல் முறை பிள்ளை மாமியார் ஊரில் இருந்தது. இரண்டாம் முறை எந்தப் பிள்ளை என்றாள். மூன்றாம் முறை அவள் வாசலில் நின்று இல்லையென்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து அழுகை கேட்டது.

“அது பூனைங்க” என்றாள்.

“பசி போல இருக்கு. போய்ப் பாலைக் கொடும்மா” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

நோட்டீஸ் கொடுக்கலாம், சட்டம் அவர் பக்கம் இருந்தது. கொடுத்தால் அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முசிறிப் பக்கம் போய்விடுவாள், பிறகு எந்த ஊசியும் அதைத் தொடாது என்பது அவருக்குத் தெரியும். பங்குனி பிறந்ததும் கொள்ளிடக்கரைப் பக்கம் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலை செருகினார்கள். பெரியம்மை. மயிலம்மாள் வீட்டிலிருந்து இரண்டு தெரு.

அந்த வெள்ளிக்கிழமை அவர் ஜும்மா தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தபோது, பாலக்கரை வீட்டு வாசலில் மயிலம்மாள் நின்றாள். கையில் ஒரு முறம், முறத்தில் பிள்ளை. பின்னால் மருதை.

“ராவுத்தரய்யா வீடு இதுதானுங்களா?”

“இதுதான், வாங்க” என்றாள் சாரா பீவி.

“பிள்ளையை விக்க வந்திருக்கோம்.”

சாரா பீவி ஆச்சரியப்படவில்லை. “உள்ள வந்து உக்காருங்க. எங்க வீட்டுல தவிடு இல்லை. பக்கத்துல மாடு வச்சிருக்காங்க, வாங்கியாரேன்” என்று படியை எடுத்துக்கொண்டு போனாள்.

மயிலம்மாள் விஷயத்தைச் சொன்னாள். தங்காத பிள்ளையைத் தவிட்டுக்கு விற்றுத் திரும்ப வாங்குவது அவர்கள் பக்கத்து வழக்கம். வாங்குகிறவர் ராசியான ஆளாக இருக்க வேண்டும். “உங்க பேருக்கே இருக்கட்டும்னுதான் அர்த்தமாமே. உங்க வீட்டுல அஞ்சு பிறந்து அஞ்சும் இருக்குன்னு சொன்னாங்க. அதான் வந்தோம்.”

“நான் அம்மை குத்துறவன்னு தெரியுமில்ல?”

“அது உங்க உத்தியோகங்க. நான் பேருக்காக வந்தேன்.”

பிறகு நிபந்தனைகளைச் சொன்னாள். அடுத்த வெள்ளிவரை பிள்ளை அவருடையது. பால் கொடுக்க வேண்டியிருப்பதால் அவள் வீட்டில் இருக்கும். ஆனால் அவள் பிள்ளை இல்லை. வெள்ளியன்று ஒரு படித் தவிடு கொண்டுவந்து வாங்கிக்கொள்வாள். “நடுவுல நான் வாய் தவறி எம் பிள்ளைன்னு சொல்லிட்டேன்னா வித்தது செல்லாது.”

“வீட்டுல காலையிலிருந்து துணியை வாயில வச்சுக்கிட்டுத்தான் இருக்கா” என்றார் மருதை.

“நீங்க சும்மா இருங்க.”

தவிடு வந்தது. துர்சுன் ராவுத்தர் அதை அவள் மடியில் கொட்டிவிட்டு முறத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மூன்று மாதமாகத் தேடிய பிள்ளை அண்ணாந்து அவரைப் பார்த்துக் காலை உதைத்தது.

“பூனை நல்லாத்தான் வளர்ந்திருக்கு” என்றார்.

மயிலம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். மருதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேப்பிலை இன்னும் இரண்டு வாசலுக்கு வந்துவிட்டது. சாப்பிடும்போது அதைச் சொன்னார். சாரா பீவி குழம்பை ஊற்றியபடியே, “உங்க பிள்ளைக்கு இன்னும் குத்தலையே” என்றாள்.

அவர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.

“நம்ம அஞ்சு பேருக்கும் மூணாம் மாசம் குத்தியாச்சு. ஆறாவதுக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?”

“அது ஏமாத்துற மாதிரி இல்லையா? நம்பிக் கொடுத்திருக்காங்க.”

“எதுக்காக நம்பிக் கொடுத்தாங்க? பிள்ளை இருக்கட்டும்னுதானே?”

சாரா பீவியோடு அவர் வாதத்தில் ஜெயித்ததாக வரலாறு இல்லை. ஆனால் திருட்டுத்தனமாகச் செய்வதில்லை என்று மட்டும் தீர்மானித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை அவர் போனபோது மருதை இலைக்கட்டோடு மார்க்கெட்டுக்குப் போயிருந்தார். மயிலம்மாள் பிள்ளையை மறைக்கவில்லை. கொண்டுவந்து அவர் மடியில் விட்டாள். சொந்தக்காரர் வந்திருக்கிறார்.

“எங்க வீட்டுல மூணாம் மாசம் அம்மை குத்திடுவோம்” என்றார் அவர். “இதுக்கும் குத்தணும். சொல்லாம செய்யக்கூடாதுன்னு சொல்றேன்.”

அவள் முகம் மாறிற்று. “இதுக்குத்தான் வாங்குனீங்களா?”

“இல்லம்மா. நீ கேட்ட, வாங்கினேன். நேத்துதான் என் வீட்டுக்காரி ஞாபகப்படுத்தினா.”

“நல்லாப் படுத்துனாங்க. சமயபுரத்தா பச்சைப்பட்டினி கிடக்குற மாசம். இப்பப் போயி ஊசியக் கொண்டாந்தா அவளுக்குக் கோவம் வராதா?”

“ஆத்தா யாருக்காகப் பட்டினி கிடக்கா? உலகத்துப் பிள்ளைங்க நல்லா இருக்கணும்னுதானே? இதுவும் அதுக்குத்தான்.”

“ரெண்டாவதுக்கு இதே கையிலதான் குத்துனாங்க.”

“தெரியும். பதிவுல பார்த்தேன். அது வயித்துப்போக்குன்னு எழுதியிருக்கு.”

“ஆபீஸ் புத்தகத்துல என்ன வேணா எழுதுவாங்க.”

தம்முடைய பணிப் பதிவேட்டின் முதல் பக்கத்தை நினைத்துப் பார்த்துவிட்டு, இந்த இடத்தில் அவர் மறுத்துப் பேசவில்லை.

“ஒண்ணு செய்யலாம்” என்றார். “இது எம் பிள்ளை, தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. பையை மூடிக்கிட்டுப் போயிடறேன். நோட்டீசும் வராது, நானும் வரமாட்டேன்.”

அவர் மெய்யாகவே சொன்னார். பையின் வாயைப் பாதி மூடியும் வைத்தார். மயிலம்மாள் வாயைத் திறந்தாள். அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் பிள்ளை அந்தக் கணமே அவளுடையதாகிவிடும். அவளுடையதாக இருந்த மூன்றும் என்ன ஆயின என்பது அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் ஊசி. சுவரோரம் கிடந்த வாழைநாரை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். பிள்ளை ராவுத்தரின் சட்டைப் பொத்தானைத் தின்னப் பார்த்துக்கொண்டிருந்தது.

“யாரோ வீட்டுப் பிள்ளை” என்றாள் கடைசியில், சுவரைப் பார்த்துக்கொண்டு. “அவங்க இஷ்டம்.”

பிறகு வந்து எதிரே உட்கார்ந்து பிள்ளையின் இடது கையைப் பிடித்தாள். “ஆடாமப் பிடிச்சுக்கறேன். கூலிக்கு வந்தவ மாதிரி.”

அவர் துடைத்தார், ஒரு சொட்டு வைத்தார், ஊசியைத் திருகினார். பிள்ளை வீறிட்டது. மயிலம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை அவள் பாலக்கரைக்குப் பிள்ளையோடு வந்தாள். தவிடு இல்லாமல் வந்தாள். பிள்ளையின் கை சிவந்து, நடுவில் நீர் கோத்திருந்தது.

“தவிடு எங்கம்மா?”

“கையில புண்ணோட இருக்கிற பிள்ளையை யாருங்க வாங்குவா? ஆறட்டும். அதுவரைக்கும் உங்களுதுதான்.”

சாரா பீவி கதவுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

அதன் பிறகு அவர் தினமும் காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போய்ப் பிள்ளையின் கையைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார். அடுத்த செவ்வாயன்று காய்ச்சல் கண்டது. அம்மைப்பால் பிடித்தால் காய்ச்சல் வரும், பிடித்ததற்கு அதுதான் அடையாளம் என்று நூறு தாய்மார்களுக்குச் சொன்னவர், அன்று அதைத் தமக்கும் இரண்டு முறை சொல்லிக்கொண்டார். மயிலம்மாள் பிள்ளையை மடியில் போட்டு விசிறிக்கொண்டே இருந்தாள். அவர் மத்தியானம் போஸ்ட் ஆபீஸுக்குப் போய் அலுவலகத்துக்கு டெலிபோன் செய்தார்.

“லீவா? என்ன காரணம் ஓய்?”

“பிள்ளைக்குக் காய்ச்சல் சார்.”

“அஞ்சுல எது?”

“ஆறாவது சார். இப்போதைக்கு.”

மாத்ருபூதம் மறுபேச்சு இல்லாமல் லீவை எழுதிக்கொண்டார்.

வியாழனன்று காய்ச்சல் இறங்கிற்று. அந்த மாதத்தில் வேப்பிலை மருதை வீட்டுக்கு நாலு வீடு தள்ளிவரை வந்து, அங்கேயே நின்றுபோயிற்று. மூன்றாவது வாரம் பொருக்கு உதிர்ந்தது. மயிலம்மாள் அன்றைக்கே பிள்ளையோடு பஸ் ஏறி, படியில் கோபுரமாகக் குவித்த தவிட்டோடு வந்தாள். பிள்ளைக்குப் பிச்சைமுத்து என்று பெயர் வைக்கப்போவதாகச் சொன்னாள். தவிட்டைக் கொடுத்துப் பிள்ளையைக் கையில் வாங்கியதும் அதன் காதில் அவள் ஏதோ சொன்னாள், மற்றவர்களுக்குக் கேட்கவில்லை.

துர்சுன் ராவுத்தர் ஒரு படித் தவிட்டுக்கு ஒரு பிள்ளையை வாங்கினார், அதற்கு அம்மை குத்தினார், பொருக்கு உதிரும்வரை தினமும் போய்ப் பார்த்தார், உதிர்ந்ததும் தாயிடம் திருப்பிக் கொடுத்தார்.